காலுக்கு மட்டும் தெரியும் கசிவு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விடுமுறை வந்துற்றால் நம் காலனிக் குடும்பங்கள் பல, சொந்தக் காரிலேயே ஊர் நோக்கிப் புறப்படுகின்றன. சென்ற கோடையில் நாங்களும் புறப்படவிருந்தோம். முந்தின நாள் மாலை, சிக்னலில் நிற்கையில், மிதித்திருந்த பிரேக் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கிற்று. பானெட்டைத் திறந்து பார்த்தோம். கிண்ணத்தில் பிரேக் ஆயில் குறையவில்லை. தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஒன்றுமில்லை என்றே எண்ணினோம். அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

பெடலோடு ஒரு தண்டினால் இணைந்திருப்பது மாஸ்டர் சிலிண்டர் என்னும் உருளை. பெடலை அழுத்தியதும் அதனுள் இருக்கும் பிஸ்டன் முன்னேறும். மேலேயுள்ள கிண்ணத்திற்குச் செல்லும் சிறு துளை அடைபடும். திரும்பிச் செல்ல வழியற்ற ஆயில், குழாய்களின் வாயிலாகத் தன் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும். அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்பது 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட உண்மை. இங்குள்ள பிஸ்டனின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர், சக்கரத்திலுள்ளது 12 சதுர சென்டிமீட்டர் எனக் கொள்வோம். விசை நான்கு மடங்காகும்!

இக்காலத்து உருளையில் இரண்டு பிஸ்டன்கள், இரண்டு தனி வழிகள் உண்டு. ஒரு வழி பழுதுற்றாலும் மற்றொன்று வண்டியை நிறுத்தும். ஆயினும் பெடல் ஆழ இறங்கும், வண்டி நிற்க நெடுந்தொலைவு ஆகும்.

பிஸ்டனைச் சூழ்ந்த ரப்பர் வாஷர் தேய்ந்தால், ஆயில் வெளியே சிந்துவதில்லை. வாஷரைத் தாண்டிப் பின்வாங்கிக் கிண்ணத்திற்கே மீளும். ஆதலின் அக்கசிவு கண்ணுக்குத் தெரியாது. காலுக்கு மட்டுமே தெரியும். எஞ்சின் ஓட, வண்டி நிற்க, அரை நிமிடம் பெடலைச் சீராக அழுத்திப் பாருங்கள். தொடர்ந்து இறங்கினால் வண்டியை எடுக்காதீர்கள்.

மற்றொன்று: பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை, புதிதாயின் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலைச்சரிவில் பிரேக் சூடேறி ஆயில் ஆவியானால், பெடலை மிதித்தும் பயனிராது. உரிய காலத்தில் மாற்றுதல் வேண்டும். எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றவே கூடாது. ரப்பர் உப்பிக் கெடும்.

பட்டறையில் உருளையை மாற்றிய பின்னரே நாங்கள் புறப்பட்டோம். ஊர் சேர ஒரு நாள் தாமதமாயிற்று. ஆனால் அனைவரும் நலமாகச் சேர்ந்தோம். நீங்களும் அவ்வாறே சென்று மீள்க!