மெக்சிகோவை வகுப்பறையில் எப்படிச் சொல்வது?

(சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



மிளகாய் இல்லாமல் நம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கொதிக்காது. அந்த மிளகாயை முதலில் பயிரிட்டவர்கள் மெக்சிகோவின் பூர்வகுடி மக்கள். சில்லி, டொமேட்டோ, அவகாடோ என்னும் சொற்கள் அஸ்டெக் மக்கள் பேசிய நாவாட்ல் மொழியிலிருந்து வந்தவை. மெக்சிகோ பாடத்தை இங்கிருந்து தொடங்கினால் மாணவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்.

1519இல் கோர்டெஸ் தலைமையில் ஸ்பானியர் வந்திறங்கினர். 1521இல் அஸ்டெக் தலைநகர் தெனோச்டிட்லான் வீழ்ந்தது. அதன் இடிபாடுகள்மேல்தான் இன்றைய மெக்சிகோ நகரம் எழுந்தது. ஸ்பானியரும் பூர்வகுடியினரும் கலந்து பிறந்தவர்கள் ‘மெஸ்டிசோ’ எனப்பட்டனர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் இரத்தமும் அந்த மக்களிடம் கலந்தது. காலனி ஆட்சியோ பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்தது.

1910இல் புரட்சி வெடித்தது. 1921இல் கல்வி அமைச்சகத்தை ஏற்ற வாஸ்கோன்செலோஸ், கலப்பையே நாட்டின் பெருமையாக்கினார். ஊர்தோறும் பள்ளிகளையும் நூலகங்களையும் திறக்க முனைந்தார். அமைச்சகச் சுவர்களில் டியேகோ ரிவேரா உழைக்கும் மக்களை ஓவியமாகத் தீட்டினார். பெரும் பணிதான், மறுக்க முடியாது.

ஆனால் அந்தப் பள்ளிகளின் மொழி ஸ்பானியம் மட்டுமே. தாய்மொழியில் பேசியதற்காகப் பூர்வகுடிக் குழந்தைகள் தண்டிக்கப்பட்டதும் உண்டு. பாட்டன் கட்டிய கோயில் நாட்டுக்குப் பெருமை. பேரனின் பேச்சு மட்டும் வகுப்புக்கு ஆகாது! ‘நாம் எல்லோரும் கலந்தவர்கள்’ என்ற நல்ல சொல்லே, கலக்காமல் தனித்து வாழ்ந்தவர்களை மறைத்துவிட்டது.

மாற்றம் மெதுவாகவே வந்தது. 1992இல் அரசியலமைப்பு மெக்சிகோவைப் பல பண்பாடுகளின் நாடு என ஏற்றது. 2003இல் ஒரு சட்டம், ஸ்பானியத்தோடு பூர்வகுடி மொழிகளையும் தேசிய மொழிகளாக்கியது. இன்று அங்கீகரிக்கப்பட்டவை 68 மொழிகள். ஆப்பிரிக்க வழிவந்தோர் 2019இல்தான் அரசியலமைப்பில் இடம்பெற்றனர்.

ஆகவே, நண்பர்களே, ‘அஸ்டெக் நாகரிகம் அழிந்தது’ என்று பாடத்தை முடித்துவிடாதீர்கள். பேரரசுதான் அழிந்தது, 2020 கணக்கெடுப்பின்படி நாவாட்ல் பேசுவோர் 16 லட்சத்துக்கும் மேல். அந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதுங்கள்.

வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை நம் வகுப்பிலும் இருக்கலாம். மிளகாய்க்கு அவர்கள் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். அவன் சொல்லும் சொல்லையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.