குடலை இணைக்கும் வகைகள்
(ஆஸ்டின் டவுன் உறுப்பினர் கூட்டத்தில் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவர் பேசியது)

பந்திக்கு முன்னால் இந்த விஷயம், மன்னிக்கவும்.

மலக்குடல் புற்றுநோய்க்கு அந்தப் பகுதியை எடுத்தபின், பெருங்குடலைக் கீழே இழுத்து ஆசனவாய் அருகே சேர்க்கிறோம். நேருக்கு நேர் இணைப்பது எளிது. ஆனால் மலத்தைத் தேக்கும் இடம் போய்விட்டதே! நாளைக்குப் பத்துத் தடவைகூட ஓட நேரும். எனக்குத் தெரிந்த மாமா ஒருவர், வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிட்டார்.

1986-ல் பிரெஞ்சு மருத்துவர்கள், குடல் நுனியை 'ஜே' எழுத்துப்போல் மடித்துப் பை தைக்கும் முறையை வெளியிட்டார்கள். 5, 6 சென்டிமீட்டர் போதும். பெரிதானால் மலம் இறங்காது. முதல் ஓராண்டு நல்ல நிம்மதி. பிறகு வித்தியாசம் குறைகிறது. இடுப்பெலும்பு குறுகிய ஆண்களுக்குப் பை அடங்காமல் போகலாம். அவர்களுக்குக் குடலின் பக்கவாட்டில் இணைக்கலாம். பலன் ஏறக்குறைய அதேதான்.

கையால் தைத்தாலும் ஸ்டேப்ளர் போட்டாலும் கசிவு வரலாம். வந்தால் ஆபத்து குறையவே, சில மாதங்களுக்கு வயிற்றில் மலம் போக வழி வைக்கிறோம். அதற்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். 1973-ல் தொடங்கிய கிட்வாய் ஆஸ்பத்திரி நமக்குத் தூரமில்லை. "எனக்கு எந்த இணைப்பு, ஏன்?" என்று டாக்டரைக் கேளுங்கள்.

சபையில் கேட்கக் கூச்சமானால், சாப்பாடானபின் தனியாக வாருங்கள். இங்கேதான் இருப்பேன்.