கதவைத் திறந்த தாய்



தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாத குடும்பங்கள் உண்டு. “பெற்று வளர்த்தவள் சொல்லைக் கேட்கவில்லையே” என்று தாய் குமுறுகிறார். “அம்மா மூச்சுவிடக்கூட விடுவதில்லை” என்று பிள்ளை முணுமுணுக்கிறது. இந்தப் பிணக்குக்குக் கிறிஸ்துவ நம்பிக்கை என்ன மருந்து வைத்திருக்கிறது? 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தாயும் மகனும் அதற்கு விடை சொல்கிறார்கள்.

தாய் மோனிக்கா. மகன் அகுஸ்தீன். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் 354-ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீன், படிப்பில் கெட்டிக்காரர். மகன் பெரிய ஆளாக வேண்டும் என்பது தாயின் ஆசை. வாலிபத்தில் மகன் தடுமாறியபோதுகூட, கல்யாணம் செய்து வைத்தால் படிப்பு கெட்டுவிடுமோ என்று அவர் தயங்கினார். மகனோ, ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழ்ந்து, ஓர் ஆண் குழந்தைக்குத் தகப்பனானார். தாயின் நம்பிக்கையைக் கைவிட்டு, மானிக்கேயம் என்ற வேறொரு சமயத்திலும் சேர்ந்தார்.

தாய் பொறுக்கவில்லை. ஒரே கூரையின் கீழ் மகன் இருக்கக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது என்று கதவை மூடினார்.

அப்போது மோனிக்கா ஒரு கனவு கண்டார். அழுதுகொண்டிருந்த அவரிடம் ஒளிமிகுந்த இளைஞர் ஒருவர் வந்து, “நீ நிற்கும் இடத்திலேயே உன் மகனும் நிற்கிறான், பார்” என்ற பொருளில் ஆறுதல் சொன்னார். அந்தக் கனவைக் கடவுளின் வாக்காக ஏற்ற தாய், மகனை மீண்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார். மகனோடு வாதாடும்படி ஓர் ஆயரிடம் கெஞ்சினார். அந்த ஆயரோ, அவனை விட்டுவிடும்படியும், அவனுக்காகச் செபிக்கும்படியும் அறிவுரை கூறினார்.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மகன் திருந்திய பிறகு தாய் கதவைத் திறக்கவில்லை. தாய் கதவைத் திறந்து பல ஆண்டுகள் கழித்தே மகன் திருந்தினார்.

அதற்குள் இன்னொரு காயமும் நேர்ந்தது. 383-ஆம் ஆண்டு அகுஸ்தீன் ரோமாபுரிக்குப் புறப்பட்டார். “போகாதே, அல்லது என்னையும் அழைத்துப் போ” என்று தாய் பற்றிக்கொண்டார். நண்பரை வழியனுப்பத்தான் வந்ததாகப் பொய் சொல்லிவிட்டு, இரவோடு இரவாக மகன் கப்பலேறினார். அந்த இரவு முழுவதும் தாய் பக்கத்துச் சிற்றாலயத்தில் செபித்துக்கொண்டிருந்தார்.

ஏமாற்றப்பட்ட தாய் உறவை முறித்துக்கொள்ளவில்லை. கடல் கடந்து இத்தாலியின் மிலான் நகருக்கே தேடிச் சென்றார். 386-இல் மனம் மாறிய அகுஸ்தீன், அந்தச் செய்தியை உடனே உள்ளே ஓடித் தாயிடம் சொன்னார். 387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில், ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார்.

அதே ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் மோனிக்கா நோயுற்றார். மகனின் வாயிலிருந்து தன்னைப் புண்படுத்தும் ஒரு கடுஞ்சொல்லையும் கேட்டதில்லை என்று மரணப்படுக்கையில் அன்போடு சொன்னார். பொய் சொல்லிவிட்டுப் போன மகனைப் பற்றி அந்தத் தாய் சொன்ன சொல் அது! மன்னிப்பு என்பது இதுதான்.

மகனும் தம் பங்கைச் செய்தார். பின்னர் எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்ற நூலில் தம் பொய்யை மறைக்கவில்லை. தாயின் பாசத்தில் பிடிவாதமும் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. குறைகளை ஒளிக்காமலே தாயைப் போற்றினார்.

தாய்மார்களே, பிள்ளை முழுவதும் மாறட்டும், பிறகு பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில் முதலில் ஒரு தட்டு வையுங்கள். பிள்ளைகளே, தாய் தவறே செய்யாதவர் என்று நடிக்கத் தேவையில்லை. உங்கள் தவறை முதலில் சொல்லுங்கள். வாதம் முற்றும்போது வாயை மூடி, கடவுளிடம் பேசுங்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை ஆகஸ்ட் 27-இல் தாய் மோனிக்காவையும், மறுநாள் 28-இல் மகன் அகுஸ்தீனையும் நினைவுகூருகிறது. நாட்காட்டியிலும் தாயும் பிள்ளையும் அடுத்தடுத்தே நிற்கிறார்கள்.