நாடு வேறு, ஆட்சி வேறு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே புலவர்களையும் வீரர்களையும் போற்றிப் பேசுவது நம் வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பதோ ஒரு திரைப்பட நடிகையின் வரலாறு. அதிலும் ஜெர்மானிய நடிகை ஒருவரின் வரலாறு. ‘நடிகையின் கதையில் கற்பதற்கு என்ன உண்டு?’ எனச் சிலர் எண்ணக்கூடும். பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோர் யாவரும் சிந்திக்க வேண்டிய கேள்வி ஒன்று அதில் அடங்கியிருக்கிறது. நாட்டை நேசிப்பது என்றால் எதனை நேசிப்பது? அதனை ஆள்வோரையா, அதன் மண்ணையும் மக்களையும் மொழியையுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் மார்லீன் டீட்ரிச்.

1901-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 27-ஆம் நாள், இன்று பெர்லின் மாநகரின் பகுதியாக விளங்கும் ஷோனெபெர்க்கில் அவர் பிறந்தார். தந்தையார் காவல்துறை அதிகாரி. மகள் சிறுமியாக இருந்தபொழுதே காலமானார். பெற்றோர் இட்ட பெயர் மரி மக்தலேனே. அவ்விரு பெயர்களையும் இணைத்து ‘மார்லீன்’ என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார் அச்சிறுமி. வயலின் பயின்று இசைக் கலைஞராக வேண்டும் என்பது முதல் ஆசை. மணிக்கட்டில் ஏற்பட்ட கோளாறு அவ்வாசைக்குத் தடையாக நிற்கவே, நாடக மேடையை நாடினார். பேசாப் படங்களில் சிறு வேடங்கள் பல ஏற்றார்.

அவரை உலகறியச் செய்த படம் ‘நீலத் தேவதை’. ஹைன்ரிஹ் மான் என்னும் எழுத்தாளரின் நாவலைத் தழுவி, ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய பேசும் படம் அது. கண்டிப்பு மிக்க பள்ளி ஆசிரியர் ஒருவர், கேளிக்கை விடுதிப் பாடகியிடம் மனத்தைப் பறிகொடுத்து, மானமும் வாழ்வும் இழப்பதே கதை. ஆசிரியராக நடித்தவர் அந்நாளில் பெரும்புகழ் பெற்றிருந்த எமில் யானிங்ஸ். பாடகியாக நடித்தவர் மார்லீன். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் பெர்லினில் படம் அரங்கேறிற்று. அன்றிரவே மார்லீன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஹாலிவுட்டில் அதே இயக்குநர் அவரை வைத்து ஆறு படங்கள் எடுத்தார். முதற்படமாகிய ‘மொராக்கோ’வில் ஆடவர் உடை தரித்துத் தோன்றிய காட்சி பெரும் பரபரப்பை விளைவித்தது, சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் பரிசுக்கு அவர் பெயரும் முன்மொழியப்பட்டது. 1932-இல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ அவர் புகழை மேலும் உயர்த்திற்று.

இந்நிலையில் 1933-இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். ஹைன்ரிஹ் மானின் நூல்கள் தெருவிலே எரியூட்டப்பட்டன. ‘நீலத் தேவதை’யும் தடை செய்யப்பட்டது. அப்படத்தில் நடித்த மூவரின் பிற்கால வாழ்க்கையை நாம் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எமில் யானிங்ஸ் ஜெர்மனியிலேயே தங்கி, நாஜிகளின் பிரசாரப் படங்களில் நடித்துப் பட்டமும் பதவியும் பெற்றார். மந்திரவாதியாக நடித்த கூர்ட் கெர்ரோன் யூதர். அவரைத் தெரேசியன்ஸ்டாட் முகாமில் அடைத்து, அம்முகாமையே இன்ப நகரம் போலக் காட்டும் படமொன்றை எடுக்குமாறு கட்டாயப்படுத்தினர். அதன்பின் 1944-இல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் கொன்றனர். மூன்றாமவர் மார்லீன். திரும்பி வந்தால் வேண்டிய சிறப்பெல்லாம் செய்வதாக நாஜிகளிடமிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. அவர் மறுத்தார். 1939-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

போர் மூண்டபின் அவர் வசதியான வாழ்வில் முடங்கிக் கிடக்கவில்லை. 1944-லும் 1945-லும் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பிரான்சு முதலிய போர்முனைகளுக்குச் சென்று, நேச நாட்டுப் படைவீரர் முன் பாடினார். ஜெர்மானியப் படையினரின் உறுதியைக் குலைப்பதற்காக அமெரிக்கர் நடத்திய வானொலிக்கு ஜெர்மன் மொழியிலேயே பாடல்களைப் பதிவு செய்து தந்தார். எந்த மொழியில் வெறுப்பு முழங்கிற்றோ, அதே மொழியில் அவர் குரல் அவ்வீரர்களை எட்டியது. 1947-இல் அமெரிக்க அரசு அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கியது.

இத்துணிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. அன்னையார் போர்க்காலம் முழுதும் பெர்லினிலேயே இருந்தார். போர் முடிந்தபின் மகளைக் கண்டார். அவ்வாண்டு நவம்பரிலேயே மறைந்தார். தமக்கையோ, பெல்சன் முகாமை அடுத்த பகுதியில், ஜெர்மானியப் படையினருக்கான படக் கொட்டகை ஒன்றைத் தம் கணவருடன் நடத்தி வந்தவர். இதனை அறிந்த மார்லீன், தமக்கு உடன்பிறந்தவர் உண்டு என்பதையே பிற்காலத்தில் உலகுக்கு மறைத்தார். கொடுங்கோன்மை ஒரு குடும்பத்தையும் எவ்வாறு பிளந்துவிடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

1960-இல் அவர் மீண்டும் ஜெர்மனிக்குச் சென்று மேடையில் பாடினார். அரங்கினுள் இருந்தோர் ஆர்வத்துடன் கைதட்டினர். வெளியிலோ, ‘மார்லீனே, திரும்பிப் போ’ என்னும் அட்டைகளைச் சிலர் ஏந்தி நின்றனர். இளம் பெண் ஒருத்தி அவர் முகத்தில் காறி உமிழ்ந்தாள். நாட்டைக் காட்டிக் கொடுத்தவர் என்பது அவர்கள் கூறிய பழி. அதே ஆண்டில் அவர் இஸ்ரேலுக்கும் சென்றார். ஜெர்மன் மொழி மேடையில் ஒலிப்பதையே பொறாத அந்நாட்டில் அவர் ஜெர்மன் பாடல்களைப் பாடினார். உற்றாரை இழந்த மக்கள் அம்மொழியை அவர் வாயிலிருந்து கேட்க இசைந்தனர். பிறந்த நாட்டில் பழிக்கப்பட்டவர், அந்நாட்டின் மொழிக்கு இழந்த மதிப்பை மீட்டுத் தந்தார் என்றே நாம் கருதுகிறோம்.

1975-இல் சிட்னி நகர மேடையில் விழுந்து தொடை எலும்பு முறிந்ததோடு அவரது மேடை வாழ்வு முடிந்தது. இறுதி ஆண்டுகளில் பாரிஸ் இல்லத்தில் எவர் கண்ணிலும் படாது வாழ்ந்தார். தம்மைப் பற்றி மாக்ஸிமிலியன் ஷெல் எடுத்த படத்திற்குக் கூடக் குரலை மட்டுமே தந்தார்; முகத்தைக் காட்ட இசையவில்லை. 1992-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், தொண்ணூறாம் அகவையில் மறைந்தார். அவர் உடல் பெர்லினுக்குக் கொண்டுவரப்பட்டு, அன்னையாரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றது. 2001-இல், நூற்றாண்டு நிறைவின்போது, அவருக்கு இழைத்த அவமதிப்புக்காக பெர்லின் நகரம் வருத்தம் தெரிவித்தது. 2002-இல் அவரைத் தன் சிறப்புக் குடிமகளாக ஏற்றுப் போற்றியது.

அன்பர்களே, எமில் யானிங்ஸ் நாட்டை விட்டு அகலவில்லை. ஆயினும் நாட்டுக்கு நன்மை செய்தார் என எவரும் இன்று கூறுவதில்லை. மார்லீன் கடல் கடந்து, குடியுரிமையையும் மாற்றிக்கொண்டார். ஆயினும் தாய்மொழியை மறந்தாரில்லை, இறுதியில் தாய்மண்ணிலேயே துயில்கின்றார். இருக்கும் இடத்தைக் கொண்டு ஒருவரின் நாட்டுப் பற்றை அளத்தல் கூடாது. தீமை தம் பெயரால் நடக்கும்பொழுது அவர் எப்பக்கம் நின்றார் என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும். ஊரை விட்டு வந்து, மொழியை விடாது போற்றிவரும் நம் சங்கத்தார் இதனை உள்ளத்தில் இருத்துவார்களாக.