எண்ணின் தலையிலக்கம்



உலக நாடுகளின் மக்கள்தொகைப் பட்டியல் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணிலும் முதலாவதாக நிற்கும் இலக்கத்தை மட்டும் குறித்து வருவோமாக. இலக்கங்கள் ஒன்பது, ஆதலின் ஒவ்வொன்றும் நூற்றுக்குப் பதினொரு முறை தலைமை ஏற்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். ஆனால், இத்தகைய பட்டியல்கள் பலவற்றில் 1 என்பது நூற்றுக்கு ஏறக்குறைய 30 இடங்களிலும், 2 என்பது 18 இடங்களிலும், 9 என்பது ஐந்துக்கும் குறைந்த இடங்களிலும் முன்னிற்கக் காண்கிறோம்.

இதனை 1881-இல் எழுதி வெளியிட்டவர் சைமன் நியூகோம் என்னும் அமெரிக்க வானநூல் அறிஞர். மடக்கை வாய்பாட்டு நூல்களின் முற்பக்கங்கள் பிற்பக்கங்களைவிட விரைவில் தேய்ந்துபோவதை அவர் கவனித்தார். 1938-இல் பிராங்க் பென்போர்டு என்ற பௌதிக அறிஞர், ஆறுகளின் பரப்பு, மக்கள்தொகை முதலான துறைகளிலிருந்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட எண்களைத் திரட்டி ஆராய்ந்தார். விதி அவர் பெயராலேயே வழங்குகிறது.

இதன் காரணத்தை வட்டிக் கணக்கிலே காணலாம். ஆயிரம் ரூபாயை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுவட்டிக்கு விட்டால், அது இரண்டாயிரமாக ஏழாண்டுக்கு மேலாகும். அதுவரையில் தொகையின் தலையில் 1 நிற்கும். ஒன்பதாயிரம் பதினாயிரமாவதற்கோ ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலமே போதும். பெருகி வளர்ந்து, பத்து, நூறு, ஆயிரம் எனப் பல படிகளைக் கடக்கும் எண்களில் 1 நெடுநாள் தங்குகிறது; 9 வந்த விரைவிலே போய்விடுகிறது.

பொய்க்கணக்கு எழுதுவோர் இவ்வொழுங்கை அறியார். ஆதலின் தணிக்கையாளர் இவ்விதியைத் துணைக்கொள்கின்றனர். யூரோ நாடுகள் அளித்த பொருளாதாரப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கிரீஸ் நாட்டின் எண்களே விதியினின்று மிகுதியும் விலகியிருந்தன. அந்நாடு பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டியது முன்னரே வெளிப்பட்டிருந்தது.

எனினும், இவ்விதி எல்லா எண்களையும் ஆள்வதன்று. நாம் தமிழ்நாட்டிலுள்ள உறவினருக்கு எழுதும் கடிதங்களின் அஞ்சல் குறியீடுகள் யாவும் 6-இல் தொடங்குகின்றன. அது அஞ்சல் துறை வகுத்த மண்டல எண். வளர்ந்தவர்களின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்தால் ஏறக்குறைய எல்லாம் 1-இல் தொடங்கும். மனிதர் வகுத்துக் கொடுத்த எண்களும், குறுகிய எல்லைக்குள் அடங்கிய எண்களும் இவ்விதிக்கு உட்படா.

இதை மறந்தால் நேர்மையாளர்மீது பழி விழும். 2020-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்குப்பின், சிகாகோ நகரில் பைடன் பெற்ற வாக்கெண்கள் இவ்விதிக்கு ஒவ்வாதன என்று சிலர் குற்றஞ்சாட்டினர். அங்கே வாக்குச்சாவடிப் பகுதிகள் பெரும்பாலும் சில நூறு வாக்குகள் கொண்டவை; அவற்றில் பெரும்பங்கு பெறுபவரின் எண்கள் 3, 4, 5 முதலியவற்றில் தொடங்குவது இயல்பே.

நம் அலுவலகங்களிலும் இது நேரலாம். வெளியூர் செல்லும் ஊழியரின் அறை வாடகை 900 ரூபாயைத் தாண்டலாகாது என்று நிறுவனம் வரம்பு கட்டினால், அவர் தரும் ரசீதுகளிற் பல 8-இல் தொடங்கக்கூடும். அந்த 8 காட்டுவது நிறுவனத்தின் வரம்பை. ஊழியரின் களவை அன்று.

ஆகவே, எண்கள் எவ்வாறு பிறந்தன என்பதை முதலிற் கேட்டறிவோம். பேரேட்டில் எந்தப் பக்கத்தைப் புரட்டவேண்டும் என்று பென்போர்டு விதி சுட்டலாம். தீர்ப்போ ரசீதுகளையும் சாட்சிகளையும் பார்த்தபின்னரே வழங்கத்தக்கது.