உடம்புக்கேற்ற சைக்கிள்



சின்ன வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டோம். வண்டிக்கு ஏற்றபடி உடம்பை வளைத்தோம். முப்பது வயதுக்கு மேல் அந்த வித்தை பலிக்காது.

கேளம்பாக்கத்திலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு நான் சைக்கிளில்தான் போகிறேன். மூன்றே மாதத்தில் முழங்காலின் முன்பக்கம் வலி. வண்டியை விற்றுவிடலாம் என்றே நினைத்தேன். சைக்கிள் கடைப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "சார், சீட்டை ஏத்துங்க" என்றார். சிக்னலில் இரண்டு காலையும் ஊன்ற வசதியாகத் தாழ்த்தி வைத்திருந்தேன். முழங்கால் அதிகம் மடங்கியபடியே மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

சீட்டில் உட்கார்ந்து, கீழே உள்ள பெடலில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால், பெடல் கீழே வரும்போது முழங்கால் சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும். முழங்காலின் பின்பக்கம் வலித்தாலோ, மிதிக்கும்போது இடுப்பு ஆடினாலோ, சீட் உயரம் அதிகம். கீழ்முதுகு வலித்தால் ஹேண்டில்பாரை உயர்த்திப் பாருங்கள். கை மரத்துப் போனால், சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும், ஒரு வாரம் ஓட்டிவிட்டு அடுத்தது. சீட் கம்பியின் எல்லைக்கோடு வெளியே தெரியவே கூடாது. வலி நீடித்தால் டாக்டரிடம் போங்கள்.

மனிதனுக்கேற்ப மெஷினை அமை என்று இங்கே நான்கு வருஷம் படித்தோமே! எனக்கு அது புரிந்தது, ஸ்பேனரைக் கையில் எடுத்த அன்றைக்குத்தான்.