ஒரே இணைப்பு, தனித்தனி வலை



ஒரு தோட்டத்து மண்டபத்திற்கு இணைய இணைப்பு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டணத்தைக் கூட்டுறவுக் கடை கட்டுகிறது. கடையின் கணக்குக் கணினியும் அச்சுப்பொறியும் அதில் இணைந்திருக்கின்றன. அடுத்த அறையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணினி வகுப்பு. மண்டபத்தில் கல்யாணம், காதுகுத்து என்றாலோ, வந்தவர்கள் எல்லாரும் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு 'வைஃபை' கடவுச்சொல் என்ன என்று கேட்கிறார்கள். இணைப்பு ஒன்று, பயன்படுத்துகிறவர்கள் மூன்று வகை. இப்படிப் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை, பணமும் மிச்சம். ஆனால், அங்கத்தினர்களின் சேமிப்புக் கணக்கு இருக்கும் கணினியும், முன்பின் தெரியாத ஒருவரின் தொலைபேசியும் ஒரே வலைக்குள் வந்துவிடுகின்றன. அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

கணினிகளை ஒன்றோடொன்று இணைக்க, வரிசையாகத் துளைகள் உள்ள ஒரு பெட்டியைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குச் சுவிட்ச் என்று பெயர். விளக்குப் போடும் சுவிட்சுக்கும் இதற்கும் பெயர் ஒன்றுதான், உறவு கிடையாது. இந்தப் பெட்டியில் செருகிய கணினிகள் எல்லாம் ஒரே லயத்து வீடுகளைப் போல. ஒரு கணினி, "இந்த முகவரிக்காரர் யார்?" என்று கூப்பிட்டால் மற்ற எல்லாவற்றுக்கும் அது கேட்கும். ஒன்றின் கதவை மற்றொன்று தட்டிப் பார்க்கவும் முடியும். தட்டுவது நல்ல கையாக இருக்கும் வரை தொல்லை இல்லை.

2017-ஆம் ஆண்டு மே மாதம் 'வானாகிரை' என்னும் கேடு உலகெங்கும் பரவியது. பிரிட்டனில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஒரு கணினிக்குள் புகுந்ததும், கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு பணம் கேட்டது. அதோடு நிற்கவில்லை. அதே வலையில் உள்ள மற்றக் கணினிகளைத் தானாகவே தேடிப் போய், பழுது நீக்கப்படாதவற்றில் புகுந்துகொண்டது. யாரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகளின் வகுப்பறையில் இப்படி ஒன்று நுழைந்தால், கூட்டுறவுக் கடையின் பேரேடு தப்புமா?

மூன்று இணைப்பு, மூன்று சுவிட்ச் வாங்கினால் தீர்ந்தது என்பார்கள். அதற்குப் பணம் யார் கொடுப்பது? செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. ஒரே சுவிட்சைப் பல சுவிட்சுகளாக நடந்துகொள்ளச் செய்வதே அது. அதற்கு வி-லேன் என்று பெயர். 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வு நிறுவனத்தில் டேவிட் சின்கோஸ்கி இந்த எண்ணத்தை உருவாக்கினார். 1998-இல் 802.1கியூ என்னும் பொதுவிதி வெளிவந்தது. அதற்குப் பிறகு வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடிந்தது.

செம்பனைக் குலையை வெட்டி வெளியே கொண்டுவந்து வைக்கும்போது, வெட்டியவர் தம் எண்ணைக் காம்பில் எழுதி வைப்பது நமக்குத் தெரிந்ததே. குலைகள் எல்லாம் ஒன்றுபோல்தான் இருக்கும். எது யாருடைய கணக்கில் சேர வேண்டும் என்பதைக் காம்பில் உள்ள எண்தான் மண்டோருக்குச் சொல்கிறது. வி-லேனும் அதையே செய்கிறது. கணினி அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் நான்கு பைட் அளவுள்ள சிறு சீட்டு ஒன்று சேர்க்கப்படுகிறது. அதில் 1 முதல் 4094 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். பல வலைகளின் பொட்டலங்கள் ஒரே கம்பியில் கலந்து போனாலும், அந்த எண்ணைப் பார்த்து மறுமுனை பிரித்துக்கொள்ளும். இது எங்கோ பெரிய அலுவலகங்களில் மட்டும் நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். மலேசியாவில் 2010-இல் தொடங்கிய யூனிஃபை சேவையில், வீட்டுக்கு வரும் ஒரே இழையில் இணையம் 500 என்ற எண்ணிலும், தொலைக்காட்சி 600 என்ற எண்ணிலும் வந்தன. ரவுட்டரைத் தாமே மாற்றியவர்கள் பலர், 500 என்று குறிக்காமல் இணையம் கிடைக்காமல் திண்டாடியிருக்கிறார்கள்.

இனி நம் மண்டபத்திற்கு வருவோம். எட்டுத் துளை உள்ள சுவிட்ச் ஒன்று போதும். ஆனால் கடையில் கேட்கும்போது 'வி-லேன் வசதி உள்ளது' என்று தெளிவாகக் கேட்டு வாங்க வேண்டும். மிக மலிவான பெட்டிகளில் அந்த வசதி இருக்காது. ரவுட்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். இணைய நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர்கள் பலவற்றில் இல்லை. அப்போது வேறொன்று வாங்க வேண்டியதுதான்.

கணக்குக்கு 10, வகுப்புக்கு 20, விருந்தினருக்கு 30 என்று எண் கொடுப்போம். முதல் துளை ரவுட்டருக்கு. அதில் மூன்று எண்களும் சீட்டோடு போக வேண்டும். இதனை 'டேக்ட்' என்று திரையில் காணலாம். இரண்டும் மூன்றும் கணக்குக்கு, நான்கு முதல் ஏழு வரை வகுப்புக்கு, எட்டு வைஃபை பெட்டிக்கு. இந்த ஏழு துளைகளும் 'அன்டேக்ட்'. சாதாரணக் கணினிக்குச் சீட்டு வேண்டியதில்லை. உள்ளே வரும்போது சுவிட்சே எண்ணை எழுதும், வெளியே விடும்போது அதுவே அழித்துவிடும்.

இங்கே பலர் இடறுகிறார்கள். சிறிய சுவிட்சுகளில் இரண்டு இடத்தில் எழுத வேண்டும். எந்தத் துளை எந்த எண்ணைச் சேர்ந்தது என்பது ஓரிடம். அந்தத் துளையில் சீட்டில்லாமல் வருவதற்கு எந்த எண்ணைப் போடுவது என்பது மற்றோரிடம். இரண்டாவதற்குப் 'பி-வி-ஐ-டி' என்று பெயர். அதை மறந்தால் எல்லாம் 1 என்ற எண்ணிலேயே விழும். கணினிக்குப் போவது சரியாகப் போகும், அதிலிருந்து வருவது வழிதவறும். கம்பியைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்போம்.

இன்னொன்று: நாம் எந்தத் துளையில் கணினியைச் செருகி அமைப்பைச் செய்கிறோமோ, அந்தத் துளையைக் கடைசியாக மாற்ற வேண்டும். முதலிலேயே மாற்றினால், உட்கார்ந்த கிளையை வெட்டிய கதைதான். பிறகு, பின்புறமுள்ள பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ரவுட்டரில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு தனி முகவரி வரிசை கொடுப்போம்: 192.168.10, 192.168.20, 192.168.30. வெளி உலகிற்கு மூன்றும் ஒரே முகவரியாகத்தான் தெரியும். முன்பு தோட்டத்திற்கு வந்த கடிதங்கள் எல்லாம் ஆபீசுக்கு வந்து, கிராணி பார்த்துப் பிரித்துக் கொடுத்தாரே, அந்த வேலையை ரவுட்டர் செய்கிறது.

வேலை முடிந்ததா? இல்லை. நாம் பெரிதும் வலியுறுத்துவது இதைத்தான். சுவிட்ச் மூன்று வலைகளையும் பிரித்துவிட்டது. ஆனால் மூன்றும் ரவுட்டரில் சந்திக்கின்றன. ரவுட்டரின் இயல்பே ஒரு வலையிலிருந்து மற்றொரு வலைக்கு வழிவிடுவது. தடுக்கச் சொல்லாவிட்டால், பல ரவுட்டர்கள் வகுப்பறையிலிருந்து கணக்கறைக்குத் தாராளமாக வழிவிடும். முன்வாசலில் சுவர் எழுப்பிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தது போலாகும். ஆகவே, 20-இலிருந்து 10-க்குப் போகாதே, 30-இலிருந்து 10-க்கும் 20-க்கும் போகாதே, இணையத்திற்கு எல்லாரும் போகலாம் என்று கட்டளை எழுத வேண்டும். இந்த வரிசையிலேயே எழுத வேண்டும்; பெரும்பாலான ரவுட்டர்கள் மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் கட்டளையோடு நின்றுவிடும். ரவுட்டரை அமைக்கும் பக்கத்தையும் வகுப்பிலிருந்தும் விருந்தினரிடமிருந்தும் மறைத்துவிட வேண்டும். முகவரி தருவது, பெயர் தேடுவது ஆகிய இரண்டு வேலைகளுக்கு மட்டும் அவர்கள் ரவுட்டரோடு பேசலாம்.

இத்தனை செய்தும் இணையத்தின் வேகம் கூடாது. கல்யாண வீட்டார் நூறு பேர் படம் பார்த்தால் கணக்குக் கணினி தவழத்தான் செய்யும். அதற்கு விருந்தினர் வலைக்கு வேக வரம்பு வைப்பது தனி வேலை. பல ரவுட்டர்களில் அந்த வசதி உண்டு.

எல்லாம் முடிந்தபின் சோதித்துப் பார்க்க வேண்டும். வகுப்பறைக் கணினியிலிருந்து கணக்குக் கணினியைப் 'பிங்' என்னும் கட்டளையால் கூப்பிடச் சொல்வார்கள். பதில் வராவிட்டால் தடுப்பு வேலை செய்கிறது என்று உடனே மகிழ்ந்துவிடக்கூடாது. விண்டோஸ் கணினிகள் பல, வழி திறந்திருந்தாலும் 'பிங்'குக்கு வாய் திறப்பதில்லை. அதனால் கணக்கறை அச்சுப்பொறியின் முகவரியை வகுப்பறையில் தட்டிப் பாருங்கள். முதலில் கணக்கறையிலிருந்தே தட்டி, அது பதில் சொல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு வகுப்பறையிலிருந்தும், வைஃபையில் சேர்ந்த தொலைபேசியிலிருந்தும் தட்டுங்கள். இரண்டிலும் அச்சுப்பொறி மௌனமாக இருந்து, அதே நேரத்தில் இணையமும் கிடைத்தால், கடைச் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.